சாதுப் பூனை திடீரென்று கடிக்கத் தொடங்கினால்: படிப்படியான வழிகாட்டி

எங்கள் வீட்டுக் கடுவன் பூனை செவலைக்கு அப்போது நான்கு வயது. யார் உட்கார்ந்தாலும் மடியில் ஏறிச் சுருண்டுகொள்ளும் சாது. ஒரு நாள் மாலை அம்மா சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்தார். ஜன்னல் திண்டில் இருந்த செவலை பாய்ந்து அவர் கெண்டைக்காலைக் கவ்வியது. விலக்கப்போன என் கையும் கிழிந்தது. அன்றிரவு வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "பூனைக்குக் குணம் மாறிப்போச்சு."

இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் பிடிபட்டது. எதிர்வீட்டு சன்ஷேடில் புதிதாக ஒரு கறுப்புக் கடுவன் வந்து உட்கார ஆரம்பித்திருந்தது. அதைக் கண்ணாடி வழியே பார்த்துக் கொதித்துப்போயிருந்த செவலைக்கு, அந்த நேரம் பார்த்து அருகே வந்த கால் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு தெரிந்தவர் வீடுகளில் இப்படி ஐந்தாறு பூனைகளைப் பார்த்துவிட்டேன். எதிலும் குணம் தானாக மாறியிருக்கவில்லை. கடிக்குச் சில நிமிடம் முன்போ சில வாரம் முன்போ ஏதோ ஒன்று நடந்திருந்தது: வலி, பயம், இன்னொரு பூனை, அல்லது நம்முடைய கை. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலையில் பாதி. வரிசையும் முக்கியம். பலர் கடைசிப் படியிலிருந்து தொடங்கி, சமாதானப்படுத்துகிறேன் என்று பூனையைத் தூக்குகிறார்கள். இரண்டாவது கடி அங்கேதான் விழுகிறது.

முதல் படி: கடிபட்டவரைக் கவனியுங்கள்

பூனை காத்திருக்கும். காயம் காத்திருக்காது. பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி. மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். அதன் வாயில் இயல்பாகவே இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா அந்தத் துளைக்குள் போய்விட்டால், ஒரே நாளுக்குள் இடம் சிவந்து வீங்கிவிடும். விரல் மூட்டு, மணிக்கட்டு ஆகிய இடங்களில் பட்ட கடியை "சின்னக் கடிதானே" என்று விடவே கூடாது.

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்தே கழுவுங்கள், 15 நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் போய் டெட்டனஸ் ஊசி, ஆன்டிபயாடிக், வெறிநோய்த் தடுப்பூசி மூன்றையும் பற்றிக் கேளுங்கள். வெறிநோய் என்றாலே நாய்தான் நினைவுக்கு வருகிறது, பூனையாலும் வரும். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்களிலும், தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களிலும் ஊசி. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். பூனையைப் 10 நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். 10 நாளும் பூனை நன்றாக இருந்தால் மீதி ஊசிகள் வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

ஒரு சூழ்நிலை மட்டும் தனி. தடுப்பூசி போடாத பூனை, சமீபத்தில் தெருநாயிடமோ வேறு விலங்கிடமோ கடி வாங்கியது, இப்போது எச்சில் ஒழுகுகிறது, நடை தள்ளாடுகிறது, விழுங்க முடியவில்லை, குரல் மாறிவிட்டது என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கு இல்லை. கதவைச் சாத்திவிட்டு, தொடாமல், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இரண்டாம் படி: ஒரு அறை, ஒரு கதவு, அமைதி

கொதித்துப்போன பூனை நாம் நினைக்கும் வேகத்தில் ஆறாது. சில மணி நேரம் ஆகலாம்; சில பூனைகளுக்கு ஓரிரண்டு நாள்கூட ஆகும். வெளியே பார்த்தால் நிதானமாக உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். கண்ணைப் பாருங்கள்: வெளிச்சத்திலும் கருவிழி பெரிதாக விரிந்திருந்தால் இன்னும் ஆறவில்லை. காது பக்கவாட்டில் மடங்கியிருப்பது, வால் நுனி தரையைத் தட்டுவது, முதுகுத் தோல் அலைபோல ஓடுவது எல்லாமே அதே சேதிதான்.

ஓர் அறைக்குள் அதைப் போகவிடுங்கள். தூக்கக் கூடாது. ஒரு பெரிய அட்டைப் பெட்டியையோ தலையணையையோ உங்களுக்கும் அதற்கும் நடுவில் கேடயம்போலப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தால் அது எதிர்ப்பக்கம் நகரும். உள்ளே தண்ணீர், கொஞ்சம் சாப்பாடு, மலம் சிறுநீர் கழிக்க மண் தொட்டி, ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி. விளக்கை அணைத்து, திரையை இழுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்காதீர்கள். எங்கள் வீட்டில் அதைச் செய்தது நான்தான். ஒவ்வொரு முறையும் சீறல் முதலிலிருந்து தொடங்கியது.

மூன்றாம் படி: உடம்பில் வலி இருக்கிறதா

மற்ற எதையும் யோசிப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். பூனை வலியை மறைக்கும். நாய்போல முனகாது, நொண்டிக் காட்டாது. தொட்டால் கடிக்கும், அவ்வளவுதான்.

வயதான பூனை முதுகில் கை வைத்ததும் திரும்பிக் கவ்வுகிறதா? மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேயைப் பார்த்து 2002இல் வந்த ஓர் ஆய்வில், 90 பூனைகளுக்கு அந்தத் தேய்மானம் தெரிந்தது. அலமாரி மேல் ஏறுவதை நிறுத்தியிருக்கும். பின்முதுகை நக்கிச் சுத்தம் செய்யக் குனிய முடியாமல் அங்கே ரோமம் சிக்குப் பிடித்திருக்கும். வயது கூடிவிட்டது, சோம்பேறியாகிவிட்டது என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம்.

வாயை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்வது, சாப்பாட்டுக்கு ஓடிவந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போவது பல் வலியின் அடையாளம். நிறையச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போய், இரவெல்லாம் கத்தி, எரிந்து விழும் பத்து வயதுப் பூனைக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வெளியே போய் வரும் கடுவன் என்றால் ரோமத்துக்குள் விரலை விட்டு வீக்கம் இருக்கிறதா என்று தேடுவார் மருத்துவர்: சண்டையில் வாங்கிய கடி மேலே மூடி உள்ளே சீழ் கட்டியிருக்கும்.

இதையெல்லாம்விட அவசரம் ஒன்று உண்டு. ஆண் பூனை மண் தொட்டிக்குத் திரும்பத் திரும்பப் போகிறது, முக்குகிறது, கத்துகிறது, ஒரு சொட்டுதான் வருகிறது அல்லது அதுவும் வரவில்லை என்றால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கிறது. அது நாளைக்குப் பார்க்கலாம் என்ற விஷயமில்லை. ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

வீட்டிலேயே முகத்தைப் பார்த்து வலியை ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழகக் குழு 2019இல் வெளியிட்டது. காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, மீசை, தலை ஆகிய ஐந்தையும் தூரத்திலிருந்து பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட வேண்டும். காது விலகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது, கண் இடுங்கியிருக்கிறது, வாய்ப்பகுதி இறுகியிருக்கிறது, மீசை நேராக விறைத்திருக்கிறது, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறது என்றால் மதிப்பெண் ஏறும். பத்துக்கு நான்கு வந்தால் வலி மருந்து தேவைப்படலாம். தூங்கும்போதும் சாப்பிடும்போதும் பார்க்கக் கூடாது.

மருத்துவரிடம் போகும்முன் போனில் வீடியோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். மேசை மேல் ஏற்றியதும் எந்தப் பூனையும் கல்லாகிவிடும். வீட்டில் எப்படி நடக்கிறது, எப்படிச் சீறுகிறது என்பது வீடியோவில்தான் தெரியும். கேரியர் கூடையை அன்றைக்கு மட்டும் எடுத்தால் அதைக் கண்டதுமே கட்டிலுக்கடியில் போய்விடும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அவசரம் இல்லை என்றால் ஒரு வாரம் முன்பே கூடையைத் திறந்து கூடத்தில் போட்டு, உள்ளே அது படுக்கும் பழைய துணியை விரித்து, தினம் நாலு துண்டு கருவாடோ கோழியோ போடுங்கள். மேல்மூடி கழலும் கூடையாகப் பார்த்து வாங்கினால், மருத்துவர் பூனையைக் கீழ்த்தட்டில் வைத்தபடியே பார்த்துவிடலாம். மிகவும் மிரளும் பூனைக்குப் பயணத்துக்கு முன்பு கொடுக்க கபாபென்டின் எழுதித் தருவதுண்டு, கேளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் காட்டலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வலி என்று தெரிந்ததும் வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுக்கத் தோன்றும். பூனையின் ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது. ஒரே ஒரு மாத்திரை போதும், செத்துவிடும்.

நான்காம் படி: கடிக்கு முன்னால் என்ன நடந்தது

உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு ஒரு நோட்டை எடுங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் நேரம், இடம், யார் இருந்தார்கள், அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் என்ன சத்தம், என்ன வாசனை, பூனை எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று எழுதுங்கள். ஒரு வாரம் எழுதினால் போதும். எங்கள் நோட்டில் மூன்று பதிவுகளும் மாலை ஆறிலிருந்து ஏழு, மூன்றும் கூடத்து ஜன்னல். அதைப் பார்த்த பிறகுதான் வெளியே எட்டிப் பார்க்கவே தோன்றியது.

செவலையுடையது திசைமாறிய கோபம். எதிரி கண்ணாடிக்கு அப்பால், கையில் கிடைப்பது நாம். ஆபீசில் திட்டு வாங்கியவர் வீட்டில் எரிந்து விழுவதுபோலத்தான், பல் மட்டும் கூடுதல். இதில் கடி ஆழமாக விழும், முன்னறிவிப்பும் இருக்காது. பக்கத்தில் நின்ற இன்னொரு வீட்டுப் பூனை மீதும் பாயும்.

தடவிக்கொண்டிருக்கும்போதே கடிப்பது வேறு வகை. அது துரோகமில்லை, "போதும்" என்று ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியாகச் சொல்வது. வால் துடித்தது, காது திரும்பியது, குறுகுறு சத்தம் நின்றது. நாம் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று தடவு, நிறுத்து, கையை எடுத்துவிடு. அது தலையைக் கொண்டுவந்து முட்டினால் இன்னும் மூன்று. கன்னம், தாடை, காதடி ஆகிய இடங்கள் பெரும்பாலும் பிடிக்கும். வயிறும் வால் அடிப்பகுதியும் வேண்டாம். மல்லாந்து வயிற்றைக் காட்டுவது நம்பிக்கையின் அடையாளம்தான், தொட அழைப்பு அல்ல.

ஒரு வயதுக்குள் இருக்கும் குட்டி கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்து கணுக்காலைப் பிடித்தால் அது வேட்டை விளையாட்டு. கூடப்பிறந்த குட்டிகளோடு வளர்ந்தால் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் கடி வாங்கியே கற்றுக்கொள்ளும். தாயிடமிருந்து சீக்கிரமே பிரித்துத் தனியாக வளர்த்த குட்டிக்கு அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. குட்டியாக இருந்தபோது விரலை ஆட்டி ஆட்டி விளையாட்டுக் காட்டியவர் நாம்தான் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கவ்விய கையை வெடுக்கென்று இழுத்தால் எலி ஓடுகிறது என்று இன்னும் இறுக்கும். அசையாமல் நில்லுங்கள், கையை அதன் பக்கமே லேசாகத் தள்ளுங்கள், பிடி தளரும். அப்புறம் எழுந்து போய்விடுங்கள்.

பயத்தில் கடிப்பது மூலையில் மாட்டிய பூனை. தீபாவளி வெடி, பெயின்ட் அடிக்க வந்தவர்கள், துரத்தும் விருந்தாளிக் குழந்தை இப்படி எதுவும் காரணமாகலாம். உடம்பைச் சுருக்கி, காதைத் தலையோடு ஒட்டிச் சீறும். வழி விட்டால் ஓடிவிடும். வழி அடைபட்டால்தான் பாயும். குட்டிப் பூனை மனிதர்களோடு நன்றாகப் பழகும் பருவம் பிறந்த 2ஆம் வாரத்திலிருந்து 7ஆம் வாரம் வரை. அப்போது மனிதக் கை படாமல் வளர்ந்து பிறகு வீட்டுக்கு வந்த பூனையிடம் மடிப்பூனையை எதிர்பார்ப்பது நம் பேராசை.

குட்டி போட்ட தாய்ப்பூனை சீறினால் எதுவும் செய்ய வேண்டாம். அந்த மூலைக்குப் போகாதீர்கள், அது போதும்.

கருத்தடை செய்யாத கடுவனாக இருந்தால் இந்தப் படியிலேயே ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிடுங்கள். ஐந்தாறு மாத வயதிலேயே செய்யலாம், வளர்ந்த பிறகும் செய்யலாம். ஹார்மோன் அடங்கச் சில வாரம் ஆகும். மறுநாளே சாதுவாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஐந்தாம் படி: பூனையை விட்டுவிட்டு வீட்டைத் திருத்துங்கள்

வெளிப்பூனைதான் காரணம் என்றால் ஜன்னலின் கீழ்ப்பாதியை மறையுங்கள். பழைய காலண்டர் தாள் போதும். வெளிச்சம் வரும், சன்ஷேடு தெரியாது. வாசலில் தெருப்பூனைக்கு வைக்கும் சாப்பாட்டை ஜன்னலிலிருந்து தெரியாத இடத்துக்கு மாற்றுங்கள்.

மண் தொட்டி, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று அதிகமாக இருக்க வேண்டும். இரண்டு பூனைக்கு மூன்று தொட்டி, அதுவும் வெவ்வேறு இடங்களில். மூன்றையும் பால்கனியில் வரிசையாக வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒன்றுதான். வாசலில் ஒரு பூனை காவல் நின்றால் மற்றது போகவே முடியாது. சாப்பாட்டுத் தட்டுக்கும் தண்ணீருக்கும் இதே நியாயம்.

உயரமான இடம் கொடுங்கள். பீரோ மேல் இருக்கும் பழைய பெட்டிகளை இறக்கிவிட்டு ஒரு துணியை விரித்தால் போதும். சின்ன ஃபிளாட்டில் தரையில் இடத்தைக் கூட்ட முடியாது, சுவரில் கூட்டலாம்.

விளையாட்டு தினமும் இரண்டு வேளை, ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நிமிடம். ஒரு மூங்கில் குச்சி, கயிறு, நுனியில் துணி முடிச்சு. பூனையின் முகத்துக்கு நேராக ஆட்டாமல், எலி ஓடுவதுபோல விலகி ஓடவிடுங்கள். கடைசியில் அதைப் பிடிக்க விட்டு உடனே சாப்பாடு வையுங்கள்: வேட்டை, இரை, உடம்பை நக்குதல், தூக்கம் என்ற வட்டம் முழுமையாகும். லேசர் விளக்கில் பிடிப்பதற்கு எதுவும் இல்லை என்பதால் எரிச்சல்தான் மிஞ்சும். ஆட்டம் முடிந்ததும் கயிற்றைப் பூட்டிவையுங்கள். விழுங்கினால் குடலை அறுக்கும்.

பூனையை மயக்க ஏதாவது இலை உண்டா என்று கேட்பவர்களுக்கு: குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு, அதன் வேருக்குப் பூனை வந்து புரளும். சீறிக்கொண்டிருக்கும் பூனைக்கு அதைக் காட்டாதீர்கள். சில பூனைகள் அந்த மயக்கத்தில் இன்னும் முரடாகும்.

ஆறாம் படி: மறுபடி பழகுதல்

இதில் நாம் செய்வது குறைவு, காத்திருப்பது அதிகம். அந்த அறைக்குள் போய்த் தரையில் பக்கவாட்டாக உட்காருங்கள். புத்தகம் படியுங்கள். கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள். அது பூனை மொழியில் சண்டைக்குக் கூப்பிடுவது. அது உங்களைப் பார்த்தால் கண்ணை மெதுவாக மூடித் திறங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்து 2020இல் வெளியான ஆய்வில், இப்படிக் கண்சிமிட்டிய மனிதரிடம் பூனைகள் திரும்பச் சிமிட்டின, நீட்டிய கையருகே வரவும் செய்தன. எனக்கு முதலில் நம்பிக்கையில்லை. இப்போது பஸ் ஸ்டாண்டுப் பூனையிடம்கூடச் செய்து பார்க்கிறேன்.

முதல் இரண்டு மூன்று நாள் எட்டடித் தூரத்திலிருந்து ஒரு துண்டு மீனை உருட்டிவிடுங்கள். அது சாப்பிட்டால் மறுநாள் ஆறடி. சாப்பிடாமல் முறைத்தால் பத்தடிக்குப் பின்வாங்குங்கள். பயமுள்ள பூனை சாப்பிடாது என்பதால், தட்டுதான் உங்கள் அளவுகோல். எப்போது தொடலாம் என்பதை அதுவே சொல்லும்: வந்து உரசும். அன்றைக்கும் மூன்று தடவுதான்.

வீட்டில் குழந்தை இருந்தால் ஒரே விதி: பூனை வரலாம், குழந்தை போகக் கூடாது. தூங்கும், சாப்பிடும், மண் தொட்டியில் இருக்கும் பூனையைத் தொடவே கூடாது.

இரண்டு பூனைகளுக்குள் முறிந்தால்

மருத்துவமனை போய் வந்த பூனையை, கூடவே வளர்ந்த பூனை எதிரியைப் பார்ப்பதுபோலப் பாய்ந்து கடிப்பது அடிக்கடி நடக்கும். மருந்து நாற்றம் ஏறி, அதன் மணம் மாறிவிட்டது. பூனை ஆளை அடையாளம் காண்பது மூக்கால். "அவங்களுக்குள்ள தீர்த்துக்கிடட்டும்" என்று விட்டால் தீராது. ஒவ்வொரு சண்டையும் அடுத்ததற்கு அச்சாரம்.

இரண்டையும் தனித்தனி அறையில் விடுங்கள். ஒன்றின் கன்னத்தைத் துடைத்த துணியை மற்றதன் சாப்பாட்டுத் தட்டின் அருகே போடுங்கள். சீறாமல் சாப்பிட ஆரம்பித்ததும், மூடிய கதவின் இருபக்கமும் தட்டை வையுங்கள். அப்புறம் கதவுக்குப் பதில் கொசுவலைத் தடுப்பு, தூரத்தில் தட்டு. நாளுக்குக் கொஞ்சம் நெருக்கம். கடைசியில் ஐந்து நிமிடச் சந்திப்பு, நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே பிரித்துவிட வேண்டும். சில நாளிலும் முடியும், இரண்டு மாதமும் ஆகும். எந்தப் படியில் சீறல் வந்தாலும் ஒரு படி கீழே இறங்குங்கள். சண்டை மூண்டுவிட்டால் கையை உள்ளே விடாதீர்கள். ஒரு அட்டையை நடுவில் செருகுங்கள், அல்லது போர்வையைப் போடுங்கள்.

அடி, தண்ணீர், கோணிப்பை

அடித்தால் பூனைக்கு "கடிக்கக் கூடாது" என்று புரியாது. "இந்தக் கை ஆபத்து" என்றுதான் புரியும். தண்ணீர் பீய்ச்சுவதும் மூக்கைச் சுண்டுவதும் பிடரியைப் பிடித்துத் தூக்குவதும் அதே கணக்கு. இன்னொன்று, நம் ஊரில் பழக்கமானது: கோணியில் கட்டிக் கொண்டுபோய் மார்க்கெட்டில் விடுவது. வலியில் கடித்த வீட்டுப் பூனையைத் தெரு நாய்கள் நடுவில் விடுவதற்கு வேறு பெயர் இருக்கிறது, எழுத விருப்பமில்லை.

ஆறேழு வாரம் எல்லாம் செய்தும் கடி குறையவில்லை என்றால் மருந்து பற்றிப் பேச வெட்கப்பட வேண்டாம். ஃப்ளூஆக்ஸெடின் போன்றவற்றை மருத்துவர் எழுதுவார். பலன் தெரியச் சில வாரம் ஆகும், தானாக நிறுத்தவும் கூடாது. மணத்தால் அமைதிப்படுத்தும் ஃபெலிவே போன்ற கருவிகள் சில வீடுகளில் உதவுகின்றன, சில வீடுகளில் இல்லை. கையில் பணம் குறைவாக இருந்தால் முதலில் இன்னொரு மண் தொட்டி வாங்குங்கள்.

செவலை அம்மாவின் மடிக்குத் திரும்ப ஐந்து வாரம் ஆனது. நடுவில் ஒரு முறை, காற்றில் தாள் கிழிந்த அன்று, மறுபடி சீறியது. அன்றே வேறு தாள் ஒட்டினோம். ஜன்னலின் கீழ்ப்பாதியில் அது இன்னும் இருக்கிறது. கூடம் இருட்டாக இருக்கிறது, எப்போது கிழிக்கப்போகிறாய் என்று மடியில் பூனையை வைத்துக்கொண்டே அம்மா கேட்கிறார்.